பஸ் ஓட்டுநரைத் தேடிப் போன ஞாயிறு

அன்று அவர் விரலை நீட்டியதே மனைவியின் தொந்தரவு தாங்காமல்தான். ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் எங்கள் மருத்துவ முகாம் நடந்துகொண்டிருந்தது. மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே நிழலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவரை, அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் உட்காரவைத்தார்.

"மிஸ்ஸி, இவருக்கும் ஒரு குத்து குத்திப் பாருங்க. நாள் பூரா தண்ணியா குடிச்சுக்கிட்டு இருக்காரு."

"வெயிலு லா. தண்ணி குடிக்காம என்ன செய்யிறது?" என்றார் அவர்.

நான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸிதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. குளுவாங்கில் ஒரு கடையின் மேல்மாடி அறையை வைத்துக்கொண்டு நடக்கும் சின்ன அமைப்பு எங்களுடையது. தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் போய் இரத்த அழுத்தம், இனிப்பு நீர் என்று இங்கே சொல்லும் சர்க்கரை நோய் இரண்டையும் பார்ப்போம். பார்ப்பது சுலபம். அதற்குப் பிறகு அந்த ஆளை விடாமல் பிடித்து, கிளினிக்குக்கு அனுப்பி, போனாரா என்று கேட்டு, போகவில்லை என்றால் கூடவே போய், மருந்து கைக்கு வரும்வரை ஓடுவதுதான் வேலை. இதை எங்களுக்கு உதவும் நல்ல மனிதர்களுக்குப் புரியவைப்பதே பெரும்பாடு. முகாம் படத்தில் தெரியும். அலைச்சல் படத்தில் தெரியாது.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். சட்டை தோளில் தொங்கியது. கொஞ்ச நாளில் உடம்பு இறங்கியிருக்கிறது என்று பார்த்தவுடன் தோன்றியது. ஊசியால் விரல் நுனியைக் குத்தி, இரத்தத்தைக் கருவியில் வைத்தேன். எண் வரவில்லை. எச், ஐ என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துதான் வந்தது.

"பாத்தியா, மிஷினு எனக்கு ஹாய் சொல்லுது!" என்று அவர் சிரித்தார். மனைவியும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கருவி தன்னால் அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறியிருந்தால் அப்படிக் காட்டும். கையில் இனிப்பு ஒட்டியிருந்தாலும் காட்டும் என்பதால், சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி வேறு விரலில் குத்தினேன். மறுபடியும் அதே இரண்டு எழுத்து.

ஜொகூர் பாருவிலிருந்து எங்களோடு வரும் டாக்டரைக் கூப்பிட்டேன். இளம் பெண். சிலோன் தமிழ்க் குடும்பம்; பதற்றம் வந்தால் வீட்டுத் தமிழ் வந்துவிடும். அவர் குனிந்து அந்த மனிதரின் மூச்சைக் கவனித்தார். நாக்கைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். நாளைக்கு இல்லை, இப்ப."

"இன்னிக்கு முடியாது டாக்டர். மத்தியானம் பாசிர் கூடாங் போயிடணும். நாளைக்கு விடியக்காலையில ஷிப்ட் ஆளுங்கள ஏத்தணும்."

"என்ன வேலை?"

"பேக்டரி பஸ்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விடியாத இருட்டில், கனரக லோரிகள் போகும் சாலையில், தூங்கி வழியும் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு இந்த மனிதர் ஓட்டப்போகிறார்.

"கண்ணு மங்கலா இருக்கா அண்ணே?" என்று கேட்டேன்.

"கொஞ்சம். ராத்திரிச் சந்தை பசார் மாலாம்ல ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கேன். இப்ப பரவால்ல."

டாக்டர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எனக்கு அடுத்தவர் வந்துவிட்டார். கொஞ்ச நேரம்தான். நிமிர்ந்து பார்த்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. சிகரெட் பிடிக்கப் போயிருப்பார் என்றார் மனைவி. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். மோட்டார் இல்லை. தொலைபேசியில் அழைத்தோம், மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் முறை அழைத்தபோது அணைத்துவைத்திருந்தார்.

"கம்பெனிக்குச் சொல்லிவிடுவமா?" என்று டாக்டர் மெல்லக் கேட்டார்.

எங்கள் அமைப்பின் தலைவருக்குப் போன் போட்டேன். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எதையும் நிதானமாக யோசிப்பவர்.

"அம்மா, நம்ம கிட்ட கை நீட்டுறவங்க, விஷயம் வெளிய போகாதுங்கிற நம்பிக்கையிலதான் நீட்டுறாங்க. கம்பெனிக்கு நாம போன் போட்டோம்னு தெரிஞ்சா, அடுத்த தடவை ஒருத்தரும் வரமாட்டாங்க. அவரு வேலையும் போயிடும்."

"பஸ்ல நாப்பது பேர் இருப்பாங்களே சார்."

"முதல்ல ஆளைப் பிடிங்க. சாயங்காலத்துக்குள்ள பிடிக்க முடியலன்னா எனக்குச் சொல்லுங்க. அப்ப சொல்லித்தான் ஆகணும். பழி வந்தா என் மேல வரட்டும்."

முகாமை டாக்டரிடம் விட்டுவிட்டு, அந்த அம்மாளை என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஹைவே ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள் மழையில் கறுத்து நின்றன. சாலையோரம் யாராவது மழைச்சட்டையோடு மோட்டாரை நிறுத்தியிருந்தால் அந்த அம்மாள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் மழைக்கு ஒதுங்கிய மோட்டார்கள் வரிசையாக நின்றன. நான் வேகத்தைக் குறைப்பேன். அவர் தலையை ஆட்டுவார். மறுபடி வேகமெடுப்பேன். மயங்கி எங்காவது பள்ளத்தில் விழுந்து கிடந்தால் எப்படித் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. அவருக்கும் அதே நினைப்புதான் என்று அவர் கைகள் முந்தானையைப் பிசைந்ததிலிருந்து தெரிந்தது. இருவரும் அதைப் பேசவில்லை.

டோலைத் தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அவருக்கு முன்னாடியே இருந்துச்சு மிஸ்ஸி. கிளினிக்ல மாத்திரை கொடுத்தாங்க. கோவிட் நேரத்துல போக முடியல, அப்படியே விட்டுட்டாரு."

"அதுக்கப்புறம் பாக்கவே இல்லையா?"

"எங்க லைன் வீட்டு வரிசையில ஒரு அக்கா ஜூஸ் வித்தாங்க. இத குடிச்சா மாத்திரையே வேணாம்னாங்க. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். காலையிலயும் ராத்திரியும் நானே ஊத்திக் கொடுப்பேன். நல்லா இனிப்பா இருக்கும்." சற்று நிறுத்தினார். "அவரு மெலிஞ்சாரு. ஜூஸ் வேலை செய்யுதுன்னு நெனைச்சேன்."

தாதியாக இருந்த காலத்தில் இதைக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இப்ப தெரிஞ்சிடுச்சுல்ல, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை.

பாசிர் கூடாங்கில் வேலை நாட்களில் அவர் தங்கும் அறைக்குப் போனோம். கடைவரிசையின் மேல்மாடியில் நான்கு ஓட்டுநர்கள் சேர்ந்து எடுத்திருந்த இடம். கதவைத் திறந்தவர், "அண்ணன் வந்தாரு, வாந்தி எடுத்தாரு, அப்புறம் பஸ்ஸ கழுவணும்னு யார்டுக்குப் போயிட்டாரு" என்றார். வாந்தி என்ற சொல்லைக் கேட்டதும் நான் படிக்கட்டில் இறங்கத் தொடங்கிவிட்டேன். அந்த அம்மாள் பின்னால் ஓடிவந்தார்.

பஸ்கள் நிற்கும் இடம் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்தது. மழை விட்டு, காற்றில் இரசாயன நெடி கனமாக இருந்தது. ஞாயிறு என்பதால் வரிசை வரிசையாக பஸ்கள் நின்றன. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே நீலக்கோடு. எது அவருடையது என்று மனைவிக்கே தெரியவில்லை. ஒரு பஸ்ஸின் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நோக்கி ஓடினோம்.

ஓட்டுநர் இருக்கையில் அவர் சாய்ந்து கிடந்தார். கதவு மூடியிருந்தது. அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் கண்ணாடியில் அடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னார். உள்ளே அசைவில்லை. நான் முன்பக்கம் போய்க் கண்ணாடி வழியே அவர் நெஞ்சைப் பார்த்தேன். ஏறி இறங்கியது, ஆழமாக, ஓடிவந்தவனின் மூச்சுப்போல. உயிர் இருக்கிறது. ஆனால் அந்த மூச்சு நல்ல மூச்சில்லை.

கடைசியில் கண் திறந்தார். எங்களைப் பார்த்தார், ஆனால் யாரென்று புரிந்ததாகத் தெரியவில்லை. கதவின் பொத்தானைத் தேடிய கை கதவுக்குப் போகாமல் காற்றிலேயே அலைந்தது. அதற்குள் சத்தம் கேட்டு யார்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். வெளியிலிருந்து கதவைத் திறந்தது அவர்தான். உள்ளே எட்டிப் பார்த்தார். வாந்தி நாற்றம். தொங்கிய தலை.

"அலமாக்! இஞ்சினைப் போட்டுக்கிட்டு, தண்ணி போட்டிருக்காரா?" என்று என்னைக் கேட்டார். "கம்பெனிக்குத் தெரிஞ்சா இன்னிக்கே ஆளைத் தூக்கிடுவாங்க."

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் இரகசியம் உடைகிறது. சொல்லாவிட்டால் குடிகாரன் என்ற பெயரோடு போகிறார். களைப்பில் மயங்கிவிட்டார் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் நாளைக்கோ மறுநாளோ அவரை மறுபடி பஸ்ஸில் ஏற்றியிருப்பார்கள்.

அந்த அம்மாள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"என் வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு. அவருக்கு இனிப்பு நீரு. ரொம்ப ஏறிப்போச்சு. நாளைக்கு இவரு பஸ் எடுக்க மாட்டாரு, வேற ஆளைப் போடுங்க."

சூப்பர்வைசர் சாவியைத் திருகி இஞ்சினை அணைத்துவிட்டு, அவரைத் தோளில் தாங்கி என் கார்வரைக்கும் கொண்டுவந்தார். ஆம்புலன்சுக்குக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. பின்னிருக்கையில் மனைவியின் மடியில் தலை. "தூங்க விடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றேன். அந்த அம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். சமையல், மகள் வீட்டுக் குழந்தை, வீட்டுக்கூரை ஒழுகுவது, எல்லாம். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் குரல் ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்று அங்கிருந்த மருத்துவர் மலாயில் சொன்னார். தலைவருக்கு அழைத்துச் சொன்னேன். "கம்பெனிக்கு?" என்று கேட்டார். "அவங்க சம்சாரமே சொல்லிட்டாங்க சார்" என்றேன். மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

அவர் பிழைத்தார். ஆனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பஸ்ஸைத் திரும்பக் கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் நிர்வாகத்திடம் பேசி, யார்டில் பஸ்களைப் பிரித்து அனுப்பும் வேலையை வாங்கிக்கொடுத்தார். நான் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இருபது வருஷம் ஓட்டினேன் மிஸ்ஸி. ஒரு இடி இல்ல, ஒரு சம்மன் இல்ல" என்றார், தொலைக்காட்சியைப் பார்த்தபடி.

மனைவி தே ஓ என்னும் பாலில்லாத தேநீர் கொண்டுவந்து வைத்தார். சீனி போடாதது. மூவரும் குடித்தோம்.

அதன் பிறகு எங்கள் அமைப்பு அந்த பஸ் கம்பெனியின் கதவைப் பல மாதங்கள் தட்டியது. ஓட்டுநர்களுக்கு யார்டிலேயே சோதனை செய்கிறோம். முடிவு ஓட்டுநருக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. சீனி ஆபத்தாக ஏறியிருக்கும் ஆளை நாங்கள் கையோடு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவோம். அவர் தேறும்வரை வேலையை விட்டு நிறுத்தாமல் இலகுவான வேலை கொடுக்க வேண்டும். இதுதான் நாங்கள் கேட்டது. அவர்கள் தலையாட்டவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. கடைசியில் ஒரு மாலையில் வந்து பாருங்கள் என்றார்கள். போனோம். முதலில் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பஸ்களுக்கிடையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு சூப்பர்வைசர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள்.

போன வாரம் லாபிசில் முகாம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் ஒருவருக்கு அளவு மிக அதிகமாக இருந்தது. மருத்துவமனைக்குப் போகிறேன் என்று எனக்குக் கைகொடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை அழைத்தேன், எடுக்கவில்லை. செவ்வாயும் எடுக்கவில்லை. அவர் வீடு இரயில் பாதையைத் தாண்டி எங்கோ உள்ளே என்கிறார்கள். டாக்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை பசியாறிவிட்டுக் கிளம்புகிறோம்.