பதினொரு ஊர்களின் காலிக் கட்டங்கள்

பதினாறு வருடமாக ஊரார் பழக்கவழக்கங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் அக்காவின் வேலை. எங்கள் ஆய்வு மையத்தில் அவருக்குப் பெயரே ‘கட்டம் அக்கா’. ஊருக்கு ஒரு படிவம். தாலாட்டு பாடுகிறார்களா, பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்களா என்று நூற்று நாற்பது கேள்விகள். உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம், கேட்கவே இல்லை என்றால் கட்டம் காலி.

அதன்பின் நான் புரோகிராமை ஓட்டுவேன். ஒத்த பதில்கள் உள்ள ஊர்களை அது கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும். எந்தப் பண்பாடு எதிலிருந்து கிளைத்தது என்று இயக்குநர் அதை வைத்துச் சொல்வார்.

இந்த முறை காலிக் கட்டங்களைக் கண்டு புரோகிராம் முரண்டு பிடித்தது.

“எல்லாத்துலயும் பூஜ்யம் போட்டுத் தள்ளுப்பா” என்றார் இயக்குநர். தள்ளினேன். நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

புதிதாக நான்காவது கூட்டம் ஒன்று முளைத்தது. கல்குவாரிக்கு மேலே உள்ள பதினொரு ஊர்கள். பாட்டில்லை, கதையில்லை, விளையாட்டில்லை. பண்பாடே தோன்றாத ஆதி நிலை என்று இயக்குநர் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தார். அறிக்கையின் அட்டையிலேயே அது வர வேண்டுமாம்.

அக்கா பிறந்தது அந்தப் பதினொன்றில் ஒன்றில்தான். பீரோவைத் திறந்து படிவங்களை எடுத்துப் பார்த்தார். பதினொன்றிலும் முன்பக்கம் நிரம்பியிருந்தது, பாட்டு, கதை, விளையாட்டு பற்றிய கேள்விகள் உள்ள பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே தேதி. கேட்கப் போன மகராசன் அரை நாளில் பதினொரு ஊரையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான்.

படிவங்களோடு போன அக்காவை இயக்குநர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“டைப் பண்றது உங்க வேலைம்மா. அர்த்தம் சொல்றது எங்க வேலை.”

என்ன திமிர்! எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நேராக என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, சாரோட ஊர் படிவத்துல பின்பக்கத்தை அழிச்சுட்டு, பூஜ்யம் போட்டு ஓட்டு.”

ஓட்டினேன். இயக்குநரின் ஊர் அலுங்காமல் நான்காவது கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. அக்கா அதை அச்செடுத்து, என்னையும் கூட்டிப்போய் அவர் முன்னால் வைத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

“எங்க ஊருல தாலாட்டு இல்லையா? எங்க அம்மா பாடித்தானே என்னைத் தூங்க வச்சாங்க!”

“எங்க அம்மாவும்தான் சார்” என்றார் அக்கா. “உங்க ஊர்லயும் பின்பக்கத்தைக் கேக்காத மாதிரி விட்டுப் பார்த்தோம். அவ்வளவுதான்.”

இயக்குநர் தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எங்க ஊரை மட்டும் பழையபடி மாத்திடுப்பா. மத்தது அப்படியே அச்சுக்குப் போகட்டும்.”

அக்காவின் கண் கலங்கியிருந்தது. பதினாறு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

வேலை போனால் மயிரே போச்சு என்று உட்கார்ந்தேன். அவர் ஊரைப் பழையபடி மாற்றினேன். அந்தப் பதினொன்றையும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, ‘இங்கே யாரும் கேட்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதினேன். மறுபடி ஓட்டினேன்.

மூன்றே கூட்டங்கள்தான் வந்தன.