ஓடாத லாரியின் ஆறு டயர்கள்

அம்மாவின் செல்போனில் பணம் அனுப்பும் செயலியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். இரகசிய எண் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, மறக்காத நாலு இலக்கம் அப்பாவின் லாரி நம்பர்தான் என்றார் அம்மா. குடும்பத்தில் முதலில் கல்லூரி போனவன் நான். அந்த எண் லாரியின் முன்னும் பின்னும் முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறாவது படிக்கும் தங்கைக்குத் தோன்றியிருக்கிறது. அம்மாவின் செல்போனில் அவள் விளையாடுவது லாரி ஓட்டும் விளையாட்டு. அதில் முதலில் நிஜப் பணம் கட்டி வைரம் வாங்க வேண்டும், வைரத்தைக் கொடுத்தால் ஆறு புது டயர். அவளைப் பொறுத்தவரை போனது வைரம்தான், பணம் இல்லை.

உண்மையில் போனது, அப்பா லாரியின் முன் டயருக்கென்று அம்மாவின் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம். இருப்பது வழுவழுவென்று தேய்ந்த டயர். அந்த டயரோடு வரும் வியாழக்கிழமை நாக்பூர் லோடு ஏற்ற முடியாது, வேறு வண்டிக்குப் போய்விடும்.

விளையாட்டுக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கம் புகார் எழுதினேன். நுகர்வோர், சிறுவர், உரிமை எல்லாவற்றையும் இறக்கினேன். பயன்படுத்திய பொருளுக்குப் பணம் திரும்பாது என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது.

சனிக்கிழமை ஊர் திரும்பிய அப்பாவிடம் சொன்னோம். திட்டுவார் என்று நின்றால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையிலிருந்த லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, டயரு மாட்டி எவ்வளவு தூரம் ஓட்டுன?"

"இன்னும் ஓட்டவே இல்லீங்கப்பா. நீங்க வந்து எலுமிச்சம்பழம் வெப்பீங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கறேன்."

எங்கள் வீட்டில் புது டயர் பழத்தை நசுக்காமல் நகராது. தரையில் உருளாத டயரைக் கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்வார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அவ சொன்னத அப்படியே எழுது. உன்ற படிப்பையெல்லாம் அதுல ஏத்தாத, ஓவர்லோடு."

மூன்றே வரி எழுதினேன். ஓடிய தூரம் பூஜ்யம் என்று காட்டும் திரையைப் படமெடுத்துச் சேர்த்தேன். எலுமிச்சம்பழத்தை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், தங்கை ஒத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை பணம் திரும்பியது. புதன்கிழமை நிஜ லாரிக்கு டயர் ஏறியது. பழம் வைத்தது தங்கைதான்.

வியாழன் காலை லாரி கிளம்பியதும் இரகசிய எண்ணை மாற்றினேன். அம்மாவுக்கு மறக்காததாக, முன்பு விற்ற பழைய லாரியின் நம்பர். கண்டுபிடிக்கவே முடியாது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கை டிவிக்கு மேலே மாட்டியிருந்த அந்தப் பழைய லாரியின் போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள்.

போட்டோ இப்போது என் பெட்டியில் இருக்கிறது.