கழுத்துப் பிடிப்பு

என் மகளுக்குப் பதினாறு வயது. தொண்டை நோகிறது என்று அவள் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரித்தேன். அவ்வளவு அக்கறையான தாய் நான்.

நான்காம் நாள் காய்ச்சலோடு கழுத்தின் இடப்பக்கம் வீங்கியது. தலையைத் திருப்ப முடியவில்லை. "தலையணை பிழை," என்றார் கணவர். பிரெஞ்சு கதைக்கிற இந்த நகரத்தில், சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். அதனால் எங்கள் குடும்பத்தில் பாதி டொக்டர். மீதிப் பாதி அவருடைய அக்கா. பணக்காரர் இருக்கிற கர்க்லாண்டில் வீடு வாங்கிய நாளிலிருந்து மச்சாளுக்குத் தெரியாத வருத்தமும் கிடையாது, மருந்தும் கிடையாது. தைலப் போத்தலோடு காரில் வந்திறங்கினார்.

"இது வெறும் கழுத்துப் பிடிப்பு. நான் உருவிவிட்டா பின்னேரம் ஓடித் திரிவாள்."

உருவினார். பிள்ளை கத்தினாள். "செல்லம் கூடிப் போச்சு," என்று தீர்ப்பும் வந்தது. நான் மச்சாளுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கட்டில் ஆடுகிற அளவுக்கு அவளுக்கு நடுக்கம் எடுத்தது. அடுத்து எந்தக் கசாயம் என்று நாங்கள் மூன்று பெரியவர்களும் வாதாட, அவள் அறையில் இருந்தபடியே சுகாதார ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டுப் பிரெஞ்சில் கதைத்தாள். வீட்டில் தமிழில் கதை என்று நாங்கள் எந்நேரமும் ஏசுகிற பிள்ளை. அவர்கள் அனுப்பிய ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டைக் கிருமி கழுத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சீழ் கட்டியிருந்தது. தலையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெரிய நாளத்துக்குள் இரத்தம் உறைந்து கிடந்தது. டொக்டர் பிரெஞ்சில் சொல்ல, வாயைச் சரியாகத் திறக்க முடியாத மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"ஆரும் கழுத்தை அமத்தினவையோ எண்டு கேக்கிறா. உறைஞ்ச ரத்தம் கழண்டு நுரையீரலுக்குப் போகலாமாம். என்ன சொல்ல, அம்மா?"

மச்சாள் சுவரில் இருந்த பிரெஞ்சு அறிவித்தலைக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

"ஓம் எண்டு சொல்லு," என்றேன்.

அன்றே அறுவைச் சிகிச்சை செய்து சீழை எடுத்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் கணவர் அவளுடைய சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வைத்தியமும் சொல்லாமல் இருந்தார். பிறகு வாரக்கணக்கில் கிருமிக்கு மருந்து. இரத்தம் உறையாமல் இருக்க ஊசி. வீட்டில் ஊசி போட நர்ஸ் எனக்குப் பழக்கினாள். நான் ஊசியைப் பிடித்த விதத்தைப் பார்த்து மகளே வாங்கிக் குத்திக்கொண்டாள்.

கடைசி ஸ்கேனில் நாளம் திறந்திருந்தது. போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் கணவர் சபைக்கு விளக்கினார்: "எனக்கு அப்பவே விளங்கிட்டுது. உடன ஆம்புலன்ஸுக்கு அடிச்சன்."

"அடிச்சது நான், அப்பா," என்றாள் மகள்.

அவர் தொண்டையைச் செருமிவிட்டு, கேக் நல்லாயிருக்கு என்றார்.