கண்ணாடிச் சங்கம்

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மகள் கொடுத்த கண்ணாடிக் கிண்ணம் இன்று விளிம்பு உடைந்து வந்தது. "பழசுதானே" என்றார்களாம் பள்ளிக்கூடத்தில்.

எண்பதுகளில் கல்முனையில் கலியாணம் என்றால், மாப்பிள்ளை அறையை அலங்கரிக்கத் தெருவிலுள்ள கண்ணாடிச் சாமான்களை இரவல் கேட்பார்கள். என்னைப் பெற்ற உம்மா தேடிச் சேர்த்த நீலப் பூச்சாடியும் ஒரு கலியாணத்துக்குப் போனது. திரும்பக் கொண்டுவந்தவர்கள், உடைந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி அலுமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

உம்மா அதைப் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் காட்டினார். ராத்தா தன் சிவப்புத் தட்டை எடுத்து வந்தார். அதிலும் கீறல்.

"நானும் வாய் திறக்கல்ல தங்கச்சி."

"அதாலதான் அவங்களுக்கு இந்தத் துணிவு. இனிக் கண்ணாடி போனா நாமளும் போவம். மாப்பிள்ளைக்குப் பக்கத்துல குந்தியாவது காவல் இரிப்பம்."

"அப்ப பொண்ணு எங்க இரிக்கிற?"

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்த வார வெள்ளிக்கிழமையே உம்மாவோடு சேர்த்து ஐந்து பெண்கள் தங்கள் கண்ணாடிச் சாமான்களோடு எங்கள் வீட்டில் கூடினார்கள். அடுத்த கலியாண வீட்டுக்காரி இரவல் கேட்டு வந்தபோது, "கண்ணாடிக்கும் சங்கமா?" என்று கேலி செய்தார்.

"ஓம்," என்றார் உம்மா. "எங்க அஞ்சு பேருக்கும் அழைப்புச் சொல்லிட்டுக் கேளுங்க."

இப்போது என் மகள் என்னிடம் "விடுங்க உம்மா" என்கிறாள். விடமாட்டேன். வேறு எந்தப் பிள்ளைகளின் சாமான்கள் உடைந்தன என்று நாளைக்கு வீடு வீடாகக் கேட்கப் போகிறேன்.