வாசலில் நிற்கும் பஸ்

கம்ப்யூட்டர் கம்பெனி பஸ் ஓட்டும் அவரை எல்லோரும் ‘பூனை’ என்பார்கள். பிரேக் போட்டாலும் தூங்குகிறவன் தூக்கம் கலையாது, அதனால் வந்த பேர். அன்று சாயங்காலம் பூனைக்குப் பஸ்ஸை வீட்டுப் பக்கம் ஓட்டவே மனசில்லை.

வீட்டுக்காரர் மதியமே போன் செய்திருந்தார். "வீடு பார்க்க ஆள் வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சுட்டா நீங்க காலி பண்ணணும். பிடிக்கலன்னா நீங்களே இருந்துக்கங்க."

அந்த ஆட்கள் இவர் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான புதிது. "பச்சை கேட்டு, கடைசி ஸ்டாப்புக்கு நேர் எதிர்ல" என்று அந்தப் பெண் கணவனிடம் சொன்னது இவர் வீட்டைத்தான்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை இது. பஸ்ஸை ராத்திரி தன் தெருவில்தான் நிறுத்துவார். விடியற்காலையில் காலி வண்டியை எதற்கு ஓட்டுவது என்று, "மொத ஸ்டாப்பை எங்க தெருவுலயே வச்சிடுங்க சார்" என்று கம்பெனியில் கெஞ்சியதே இவர்தான். ஸ்டாப் வந்தது. பின்னாலேயே கூடுதல் வாடகை கொடுத்துக் கம்பெனிக்காரர்கள் குடிவந்தார்கள். தெருவில் இருந்த தையல்காரர் போனார், எலக்ட்ரீஷியன் போனார். இப்போது இவர் முறை. ஊருக்கு வெளியே போனால், மனைவி ஆஸ்பத்திரியில் காலை ஷிப்டுக்கு எப்படி நடந்து போவாள்? இவருக்குத்தான் விடியற்காலையில் இங்கே வர எந்த வண்டி கிடைக்கும்?

பாதி வழியில் துணிந்து ஒரு பொய்யை எடுத்துவிட்டார். "அந்தத் தெருவுல தண்ணியே வராதும்மா."

"லாரித் தண்ணி வாங்கிக்கலாம்ணே. பஸ் வாசல்லயே நிக்குதே, அது போதாதா?"

பூனை கண்ணாடியிலிருந்து பார்வையை ரோட்டுக்குத் திருப்பியது.

கடைசி நம்பிக்கை மனைவிதான். வீட்டை அலங்கோலமாகப் போட்டு வை என்று மதியமே போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டைத் திறந்தால் தரை பளபளத்தது, ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள். அவர் முறைத்தார்.

"வர்றவங்க முன்னால மானம் போகக் கூடாதுல்ல?" என்றாள் அவள்.

ஜோடி அறை அறையாகப் பார்த்தது. இவர்கள் இருவரும் தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தாளிபோல ஓரமாக நின்றார்கள். அந்தப் பெண் முகம் மலர்ந்து வெளியே வந்தாள். நல்ல பெண்தான், அவள்மேல் கோபப்படக்கூட இவருக்கு வழியில்லை.

"ரொம்பப் பிடிச்சிருக்குண்ணே. நாங்க வந்தப்புறமும் காலையில பஸ் டயத்துக்குக் கிளம்பிடுமில்ல?"

"பஸ் இங்கதாம்மா நிக்கும்," என்றார் அவர். "அதை எடுக்க நான் எங்கருந்து வருவேன்னுதான் தெரியல."