மானா புல்லுக்குள்ள இருந்து வந்த கூவல்

நான் இதெல்லாம் நம்புற ஆளே கெடையாதுங்க. லயத்து வீடுங்கள்ல கரண்ட் போனதும் பேய்னு அலறுற புள்ளைங்க தலையில ஒரு கொட்டு கொட்டிட்டு ஃபியூஸ் மாத்துறவன் நான், எங்க தேயிலைத் தோட்டத்துல வயரிங் வேலையெல்லாம் என்னோடதுதான். நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோவம் வராது, ஆனா நடந்தது நடந்ததுதான்.

ரிஸ்வான்னு என் கூட்டாளி, பதுளை பஜார்ல அவங்க வாப்பாவோட சைக்கிள் கடையப் பார்த்துக்கிறான். நானும் அவனும் ஒரு டீம். நமுனுகுல பக்கம் ஏறி, தோட்டத்து ரோடு வழியா ஸ்பிரிங்வெளிக்கு எறங்கி, பதுளையில முடியிற மலை சைக்கிள் ரேஸ், விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் மிதிக்கணும், ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்டுனாத்தான் கணக்கு. ரிஸ்வானுக்கு இளைப்பு இருக்கு. ரேஸ் அன்னைக்குக் காலையில அவன் சட்டைப் பை கிழிஞ்சு போச்சுன்னு அவனோட இன்ஹேலரை என் பையில போட்டுக்கிட்டேன், அந்த நேரம் அது ஒரு விஷயமாவே தெரியல.

பனி எறங்குனா என்ன செய்யுறதுன்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். எங்க பக்கம் பனி மூடிருச்சுன்னா கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க கூவித்தான் யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்குவாங்க, குரலைக் கீழ தொடங்கி, மேல ஏத்தி, வெடுக்குனு நிறுத்தணும். எங்கம்மா கூவுனா அடுத்த மலைக்குக் கேக்கும். அதை ரிஸ்வானுக்குச் சொல்லிக் குடுத்தேன், அவனுக்கு வரவே இல்ல, நடுவுல தொண்டை உடைஞ்சிரும். "சேவல் கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்குடா"ன்னு நான் சிரிப்பேன்.

இறக்கத்துல என் செயின் கழண்டிருச்சு. "நீ மெதுவா போ மச்சான், நான் வந்து பிடிச்சிடுறேன்"னு அவனை முன்னால அனுப்பிட்டேன். மாட்டிட்டு நிமிந்து பார்த்தா, பட்டப்பகல்தான், நீட்டுன கை தெரியல, அப்படி ஒரு பனி. கூவுனேன். முன்னால இருந்து பதில் வந்துச்சு. அப்பாடான்னு மிதிச்சேன், திரும்பக் கூவுனேன், இன்னும் கொஞ்சம் தள்ளி பதில், நானும் பிரேக்கை விட்டுட்டுப் போறேன், கிட்டவே போக முடியல, இவனுக்கு எங்கிருந்துடா இவ்வளவு மூச்சுன்னு எரிச்சலா வேற இருந்துச்சு.

அடுத்த பதில் ரோட்டுல இருந்து வரல. அங்க கைவிட்ட மலை ஒன்னு இருக்கு, தேயிலை செத்து ஆளுயரத்துக்கு மானா புல்லு, சைக்கிள் என்ன, ஆடு கூட நுழையாது. அதுக்குள்ள இருந்து கூவல் வருது. கீழ தொடங்கி, மேல ஏறி, வெடுக்குனு நின்னுச்சு. ஒரு பிசிறு இல்ல. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, ரிஸ்வானுக்குத்தான் இது வராதே.

சைக்கிளைத் திருப்புனேன். மேட்டுல மிதிக்க முடியாம தள்ளிக்கிட்டே ஓடுறேன், முதுகுக்குப் பின்னால அது கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, பயத்துல நான் வாயே தெறக்கல. ரோட்டோரமா தண்ணி ஓடுற கான்ல சைக்கிளோட கெடந்தான் ரிஸ்வான். பனியில தெரியாம அவனைத் தாண்டித்தான் போயிருக்கேன். உதடு நீலம் பாரிச்சு, பேச்சில்ல, விசில் மாதிரி மூச்சு. இன்ஹேலரை வாயில வச்சு அமுக்கி, "இழுடா, இழுடா"ன்னு அழுதுட்டேன். கொஞ்சம் கொஞ்சமா அவனுக்கு இளைப்பு தணிஞ்சுச்சு.

ரேஸ் போச்சு, அது கெடக்கட்டும். பேச்சு வந்ததும் அவன் கேட்ட மொதக் கேள்வி, "பக்கத்துலயே நின்னு கூவிக்கிட்டு இருந்தியே, மருந்தை மட்டும் ஏன்டா தரல?"

நான் கீழ இருந்தேன்டான்னேன். அவன் நம்பல. "காதுக்குள்ளயே கூவுன, அதைக் கேட்டுக்கிட்டுத்தான் கண்ணை மூடாம கெடந்தேன்"னான்.

இப்பவும் சேர்ந்துதான் ஓட்டுறோம். போன மாசம் லுணுகலைப் பக்கம் பனி எறங்குச்சு, முன்னால போன ரிஸ்வான் கூவுனான். கீழ தொடங்கி, மேல ஏறி, வெடுக்குனு நின்னுச்சு. யாருடா சொல்லிக் குடுத்தான்னு அப்புறம் கேட்டா, "நீதான், அன்னைக்குக் கான்ல"ங்கிறான். அவன் கூவுனப்போ நான் பதில் குடுக்கல. அவன் திரும்பி வந்து முகம் தெரியுற வரைக்கும் அதே இடத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்.