ஆயிரத்தெட்டு முறை என் பிள்ளையின் பெயர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸை உடைக்கப் போகிறார்கள், எல்லாரும் காலி பண்ண வேண்டும் என்று நோட்டீஸ் வந்தபோது அந்த வரிசையில் அழாத பொம்பளை இல்லை. நான் அழவில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் உழைத்துச் செத்தவர். அவர்கள் கொடுத்த வீடு, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு இருந்த கவலை வேறு. என் மகன் திரும்பி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவான்?

அவன் கம்ப்யூட்டர் படித்தவன். வேலைக்கென்று வெளிநாடு போனான். முதலில் கொஞ்ச வருஷம் தீபாவளிக்கு போன் வந்தது. பிறகு கார்டு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. நாங்கள் போட்ட கடிதம் அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நானும் மகளும் சாலாக் செலாத்தானில் ஒரு ஃபிளாட்டுக்கு மாறினோம். பழைய டெலிபோன் நம்பரும் போனது. மகள் ஒரு ஆபீசில் கிளார்க். அவள்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள், இண்டர்நெட்டில் நமக்கென்று ஒரு பக்கம் போடலாம் என்று. அண்ணன் எங்கே இருந்தாலும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பார், என்றைக்காவது ஒருநாள் தன் பெயரையோ பிரிக்பீல்ட்ஸையோ தட்டித் தேடிப் பார்ப்பார், அன்றைக்கு நாம் அவர் கண்ணில் படவேண்டும் என்றாள். இண்டர்நெட் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. படுவானா மாட்டானா என்று மட்டும் கேட்டேன். படலாம் என்றாள்.

ஆனால் 'காணவில்லை' என்று போட நான் சம்மதிக்கவில்லை. காணாமல் போக அவன் என்ன ஆட்டுக்குட்டியா? போட்டோவும் வேண்டாம் என்றேன். ஐயோ பாவம், அந்தம்மாவைப் பிள்ளை விட்டுட்டான் என்று நாலு பேர் உச்சுக் கொட்டுவதற்கா நான் அவனைப் பெற்றேன்? குவார்ட்டர்ஸ் கதையைச் சொல்கிறேன், அதில் அங்கங்கே அவன் பெயர் வரட்டும், புரிய வேண்டியவனுக்குப் புரியும் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மகளுக்கு வேலை முடியும். இரண்டு பேரும் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போவோம். அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் சைபர் கஃபே இருந்தது. முதலாளி சீனர், தலை நரைத்தவர். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். நான் சொல்லச் சொல்ல மகள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே தட்டுவாள். ரவாங் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டு உலை வைத்தது, மழை வந்தால் தெருவோரக் காண் வாய்க்காலுக்குள் இறங்கி மீன் பிடித்த பிள்ளைகள், பந்தடித்து ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கண்ணாடியை உடைத்தவர்கள். உடைத்தது என் மகன்தான். அவன் பெயரோடுதான் போட்டோம்.

பக்கத்தின் அடியில் ஒரு நம்பர் ஓடும். ஆள் வந்து பார்த்தால் ஒன்று கூடும். ரொம்ப நாளைக்கு அதைக் கூட்டியது நாங்கள்தான். அவன் பெயரைத் தட்டித் தேடினால் அதே பெயரில் ஒரு டாக்டர் வந்தார், ஒரு கிரிக்கெட்காரர் வந்தார், எங்கேயோ ஒரு கோயில் தலைவர் வந்தார். நாங்கள் எங்கேயோ கடைசியில் கிடந்தோம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, அவ்வளவு பின்னால இருந்தா காட்டுக்குள்ள கடை போட்ட மாதிரி லா. நரிதான் வரும்" என்றார்.

பிறகு அவரே வழியும் சொன்னார். தேடுகிற மெஷின் ஒரு பக்கத்தில் அந்தப் பெயர் எத்தனை தடவை இருக்கிறது என்று பார்க்குமாம். நிறைய இருந்தால் முன்னால் கொண்டு வருமாம். மற்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து நம் பக்கத்துக்கு வர வழி போட்டிருந்தாலும் நல்லதாம். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொடுத்தால் வெறும் தட்டு திரும்பி வராது இல்லையா, அதே கதைதான். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் சிலர் தங்களுக்கும் பக்கம் வைத்திருந்தார்கள். மகள் கேட்டாள், கொடுத்தார்கள், நாங்களும் கொடுத்தோம். கதையில் அவன் பெயரைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தோம். கொஞ்சம் கொஞ்சமாக நாலாவது இடம் வரைக்கும் மேலே வந்தோம்.

நம்பர் ஏற ஆரம்பித்தது. செராஸுக்கு மாறிப் போயிருந்த எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், படித்துவிட்டு போன் அடித்தார். "உம்முட மீன்குழம்பைப் பற்றி அவ்வளவு எழுதினீர். எங்கட வீட்டில இருந்து வந்த மோதகம் உமக்கு மறந்து போச்சுதோ?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை மோதகத்தையும் போட்டோம். யார் யாரோ வந்து நல்லா இருக்கு, அழுதுட்டோம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஊரே வந்தது. வர வேண்டியவன் வரவில்லை. மகள் நம்பரைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். கல்யாண மண்டபம் நிறைந்திருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம் என்றால் கூட்டத்தைப் பார்த்து யார் சந்தோஷப்படுவார்கள்?

அப்போதுதான் அந்த ஒரு வரி வந்தது. பார்வையாளர் எழுதுகிற இடத்தில், பெயர் இல்லாமல். "பால் டின் இன்னும் இருக்கா?"

எங்கள் அடுப்படி ஜன்னலுக்கும் டீச்சரம்மா வீட்டுப் பின் ஜன்னலுக்கும் நடுவே என் மகன் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் பால் டின் மாட்டி டெலிபோன் என்று பேசுவான். அந்த டின்னைப் பற்றி அதுவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் படித்துக் காட்டியதும் இது அவன்தான் என்றேன். ஆனால் அந்த டின்னில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாருமே பேசியிருக்கிறார்கள். டீச்சரம்மாவைக் கேட்டோம், தன் பிள்ளைகள் எழுதவில்லை என்றார். தெரிந்த வீடுகளில் எல்லாம் கேட்டோம். யாரும் இல்லை என்றார்கள்.

பதில் அனுப்ப விலாசம் இல்லை. பக்கத்திலேயே பதில் போட்டோம். டின் இருக்கிறது, நாங்கள் இப்போது இங்கே இருக்கிறோம், இதுதான் போன் நம்பர் என்று. இனி அவன் திரும்ப வந்து படிக்க வேண்டும். அவன் மறுபடி தேடினால் நாங்கள் முதலாவதாக நிற்க வேண்டும். மூன்றாவது, நாலாவது எல்லாம் எனக்குப் போதாது.

கோயிலில் பெண்கள் ஸ்ரீராமஜெயம் எழுதி மாலையாகக் கட்டிப் போடுவார்கள். ஆயிரத்தெட்டு எழுதினால் கேட்டது நடக்கும் என்பார்கள். மெஷினும் பெயரைத்தானே எண்ணுகிறது? ஆயிரத்தெட்டு தடவை அவன் பெயரைப் போடு என்றேன். மகள் யோசித்தாள்.

"இருக்கிறதே போதும்மா. ரொம்பப் போட்டா பார்க்க அசிங்கமா இருக்கும்."

"யார் பார்க்கணும்? மெஷின் பார்த்தா போதும்."

வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக அடித்தால் மனுஷர் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும் என்று முதலாளி சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவை அடித்து அதையே ஒட்டிக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார். நான் விடவில்லை. ஒட்டினால் அது எழுதியதாகுமா? ஒவ்வொன்றும் கையால் அடிக்க வேண்டும், நான்தான் அடிப்பேன் என்றேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சத் தமிழ்தான். மகள் என் விரலைப் பிடித்து எந்தக் கட்டை எங்கே என்று காட்டினாள். மத்தியானம் போனால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தட்டுவேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். வாய்க்குள் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொன்றையும் அடித்தேன். பக்கத்து மேசையில் கேம் விளையாடுகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சில சனிக்கிழமைகள் ஆயின. முடித்த அன்றைக்கு முதலாளிக்கும் சேர்த்து வடை வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் போய்த் தேடினோம். எங்கள் பக்கம் முதல் இடத்தில் இல்லை. நாலாவதிலும் இல்லை. மகள் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். எங்கேயும் இல்லை. முதலாளி வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, நெடுநேரம் பார்த்தார்.

"ஆன்டி, மெஷின் இதை ஏமாத்து வேலைன்னு நெனச்சிருச்சு லா. உங்களைத் தூக்கிப் போட்டுருச்சு."

ஒருத்தி தன் பிள்ளை பெயரைச் சொன்னால் அது ஏமாற்றா? எத்தனை தடவை சொன்னால் உண்மை, எத்தனையாவது தடவையில் அது பொய்யாகிறது? நான் அவரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

மகள் அந்த வெள்ளை எழுத்தை எல்லாம் அழித்தாள். பக்கத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி அந்த மெஷினை நடத்துகிறவர்களைக் கேட்டு எழுதினாள், பல தடவை. எதுவும் ஆகவில்லை. அடியில் ஓடிய நம்பர் நின்றது. தேடி வருகிறவர்கள் வரவில்லை, தெரிந்தவர்கள் எவ்வளவு நாள்தான் வருவார்கள்? பெயரில்லாத அந்த ஆள் மறுபடி எதுவும் எழுதவில்லை. பதிலைப் படித்தானா, தேடி வந்து எங்களைக் காணாமல் திரும்பிப் போனானா, இல்லை அது வேறு யாரோவா, சொல்வதற்கு ஆள் இல்லை. குவார்ட்டர்ஸையாவது நோட்டீஸ் கொடுத்து உடைத்தார்கள்.

மகள் கல்யாணம் ஆகி கிள்ளானுக்குப் போனாள். நான் மட்டும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறினேன். அந்த மாடிக்குப் போய், முதலாளி தேடுகிற பக்கத்தைத் திறந்து கொடுத்ததும், எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தையைக் கட்டை கட்டையாகத் தேடி அடிப்பேன். யார் உதவியும் வேண்டாம், அது விரலுக்கே தெரியும். மகள் முன்பு காட்டிக் கொடுத்த டாக்டர் வருவார். கிரிக்கெட்காரர் வருவார். கோயில் தலைவர் வருவார். புதிது புதிதாக இன்னும் எத்தனையோ பேர், எல்லாரும் அதே பெயரில். எவளோ பெற்ற பிள்ளைகள். எனக்கு அதில் பெயரைத் தவிர வேறொன்றும் வாசிக்கத் தெரியாது. கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிடுவேன்.